ஆர்எஸ்ஐ கோளாறா, நம் கைக் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போன வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் டீ குடித்துக்கொண்டு நின்றபோது, பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் போனை நீட்டினார். "இது ரிப்பேராயிட்டு போல தம்பி. முப்பதுக்குக் கீழ வந்தா வாங்கணும்னாங்க, வாங்கினேன். இப்ப பதினெட்டுல நிக்குது. விலையும் போச்சு."

போனில் ரிப்பேர் இல்லை. ஆர்எஸ்ஐயிலும் (பங்கு விலை ஓடும் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் எண்) இல்லை. ஆனாலும் அவர் கேள்வி நியாயமானது. நான் பத்து வருடத்துக்கு மேலாக இந்த ஒரே குறிகாட்டியை வைத்துக்கொண்டு டெலிவரியில், அதாவது வாங்கிய அன்றே விற்காமல் கணக்கில் வைத்திருந்து, வாங்கி விற்கிறேன். அதில் நான் பட்ட பாடும், மற்றவர்கள் என்னிடம் கொண்டுவந்த பாடும் திரும்பத் திரும்ப ஒன்பது வகைக்குள்தான் அடங்குகின்றன. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் தாண்டாதீர்கள்.

1978ல் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்ட கணக்கு இது. கடந்த 14 நாளில் விலை ஏறிய தொகைக்கு ஒரு சராசரி, இறங்கிய தொகைக்கு ஒரு சராசரி. ஏற்றச் சராசரியை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஆர்எஸ்ஐ. ஏற்றமும் இறக்கமும் சமமென்றால் 50. அவ்வளவுதான். கம்பெனியின் லாபமோ கடனோ இதற்குள் எங்கேயும் இல்லை. பங்கு மலிவா என்று இது சொல்லாது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்லும். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வாகையடி முக்கில் திரும்பும்போது வேகம் குறையும், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள், ஆட்கள் மூச்சு வாங்குவார்கள். அதைப் பார்த்து, தேர் இனி பின்னால் உருளப்போகிறது என்று யாரும் ஓடுவதில்லை. பங்கில் மட்டும் ஓடுகிறோம்.

அறிகுறி: ஒரே பங்கு, இரண்டு ஆப்பில் இரண்டு எண்

அதிகம் வரும் புகார் இது. ஒன்றில் 31, இன்னொன்றில் 28. எதை நம்ப?

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டும் ஒரே கால அளவா என்று. ஒன்றில் தினசரி கேண்டிலும் (ஒரு கால அளவின் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கட்டை) இன்னொன்றில் ஒரு மணி நேரக் கேண்டிலும் திறந்திருக்கும். சிரிக்காதீர்கள், பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து, இரண்டிலும் 14தானா? ஒன்று என்எஸ்இ சந்தையின் விலையையும் மற்றது பிஎஸ்இ சந்தையின் விலையையும் காட்டுகிறதா?

அதுவும் சரியாக இருந்தால் சராசரி எடுக்கும் முறையைப் பாருங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது, ஒரு கணக்காகவே போட்டுவிடலாம். ஒரு பங்கு 14 நாளில் மொத்தம் 42 ரூபாய் ஏறி, 28 ரூபாய் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். ஏற்றச் சராசரி 3, இறக்கச் சராசரி 2. மூன்றை ஐந்தால் வகுத்தால் ஆர்எஸ்ஐ 60. மறுநாள் 12 ரூபாய் விழுகிறது. வைல்டர் முறையில் பழைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய மாற்றத்தைக் கூட்டி, 14ஆல் வகுக்க வேண்டும். ஏற்றம் 39/14, இறக்கம் 38/14. ஆர்எஸ்ஐ 50.65. இதையே சாதாரண சராசரி எடுக்கும் ஆப்பில் போட்டால், 14 நாளுக்கு முந்தைய நாள் ஒன்று கணக்கிலிருந்து கழன்றுவிடும். அந்த நாள் 6 ரூபாய் ஏறிய நாள் என்றால் ஏற்றம் 36, இறக்கம் 40. ஆர்எஸ்ஐ 47.37. ஒரே பங்கு, ஒரே நாள், மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம். இரண்டு ஆப்பும் கணக்கில் தப்புச் செய்யவில்லை.

அமைப்புகளில் சராசரி வகையைக் கேட்கும் இடம் இருந்தால் வைல்டர் முறையை வையுங்கள். 70க்கு மேல் போனால் அளவுக்கு மீறி வாங்கியாயிற்று, 30க்குக் கீழ் வந்தால் அளவுக்கு மீறி விற்றாயிற்று என்று அவர் சொன்ன எல்லைகள் அந்தக் கணக்குக்குச் சொன்னவை.

நீங்களே எக்செல் ஷீட்டில் போடுகிறவர் என்றால் இன்னொரு வில்லங்கம் உண்டு. வைல்டர் முறைக்குப் பழைய நாள்களின் ஞாபகம் அதிகம். வெறும் 30 நாள் விலையைக் கொடுத்தால், ஆரம்பத்தில் எடுத்த சராசரியின் வாடை கடைசி வரை அடிக்கும். 100 நாளாவது கொடுங்கள், முடிந்தால் ஒரு வருடம். அதோடு இறுதி விலையும் ஒரு சிக்கல். என்எஸ்இயில் பல வருடமாக அன்றைய இறுதி விலை என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அல்ல. மதியம் 3 முதல் 3.30 வரை கைமாறிய பங்குகளின் சராசரி விலையைத்தான் எடுத்துவந்தார்கள். சில சார்ட் கடைசி வியாபார விலையையே இறுதி விலையாக வைத்துக்கொள்ளும். கடைசி ஐந்து நிமிடத்தில் தூக்கிவிட்ட பங்குகளில் இது நன்றாகத் தெரியும்.

ஒரே நாளில் ஆர்எஸ்ஐ பத்துப் பக்கம் விழுந்து கிடந்தால் போனஸ் (இலவசப் பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலதாகப் பிரிப்பது) பாருங்கள். ரிலையன்ஸ் 1:1 போனஸுக்கு 2024 அக்டோபர் 28 அன்று விலை பாதியானது. பழைய விலையைச் சரிசெய்யாத ஷீட்டுக்கு அது ஒரே நாளில் 50 சதவீத வீழ்ச்சியாகத்தான் தெரியும்.

அறிகுறி: மதியம் வந்த சிக்னல் சாயங்காலம் காணோம்

கேண்டில் முடியவில்லை, அவ்வளவுதான். தினசரி ஆர்எஸ்ஐ சந்தை நடக்கும்போது ஒவ்வொரு விலைக்கும் ஆடும். 2 மணிக்குப் பங்கு தேடித்தரும் ஸ்கேனரில் 29.8 என்று வந்த பங்கு 3.30க்கு 32ல் முடியலாம். நாளைக்குச் சார்ட்டைத் திறந்தால் அந்த 29.8 நடந்ததற்கான தடயமே இருக்காது. அதனால்தான் பழைய சார்ட்டைப் பார்க்கும்போது எல்லாச் சிக்னலும் அவ்வளவு அழகாக இருக்கிறது.

நான் செய்வது: ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வாட்ச்லிஸ்ட் பார்ப்பேன், முடிவு எடுப்பேன், மறுநாள் காலை 9.30க்கு மேல் ஆர்டர் போடுவேன். சில ரூபாய் விட்டுப்போகும். போகட்டும்.

அறிகுறி: 30க்குக் கீழே வாங்கினேன், இன்னும் இறங்குகிறது

அண்ணாச்சியின் வியாதி இதுதான். எனக்கும் வந்தது, 2020ல்.

அந்த வருடம் பிப்ரவரி 28 அன்று நிஃப்டி (என்எஸ்இயின் 50 பெரிய பங்குகளின் குறியீடு) 11,201ல் முடிந்தது. ஒரு வாரமாகத் தொடர்ந்து சரிவு, தினசரி ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே. நான் கையில் இருந்த காசில் மூன்றில் ஒரு பங்கை ஒரு வங்கிப் பங்கில் போட்டேன். மார்ச் இரண்டாவது வாரம் இன்னும் இறங்கியது, அதே அளவு காசை மறுபடி போட்டேன். மார்ச் 13 அன்று திறந்த சில நிமிடத்திலேயே 10 சதவீதம் விழுந்து சந்தை 45 நிமிடம் நின்றது. அன்றைக்கு மீதியையும் போட்டேன். "இதுக்கு மேல எங்க போகும்?" என்று வீட்டில் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மார்ச் 23 அன்று மறுபடி 10 சதவீதத்தில் நிறுத்தினார்கள், அன்று நிஃப்டி முடிந்தது 7,610ல். முதல் சிக்னலிலிருந்து பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு காலி.

சோதிக்க வேண்டியவை இவை. 200 நாள் சராசரிக் கோட்டைச் சார்ட்டில் போடுங்கள். விலை அதற்கு மேலே இருந்து ஆர்எஸ்ஐ 30க்கு வந்தால், அது பெரும்பாலும் ஓடுகிற பங்கு மூச்சு வாங்குவது. விலை கோட்டுக்குக் கீழே, கோடும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்றால், 30 என்பது வேகமாக விழுகிறது என்ற செய்தி மட்டுமே. 2020 பிப்ரவரி கடைசியில் நிஃப்டி அந்தக் கோட்டை உடைத்துக் கீழே வந்திருந்தது. என் சார்ட்டில் அந்தக் கோடே இல்லை.

இரண்டாவது, 30ஐத் தொட்டதும் வாங்காதீர்கள். தொட்டு, கீழே போய், திரும்ப 30க்கு மேல் ஏறி முடியட்டும். அதற்கு அப்புறமும், முந்தைய நாளின் உச்ச விலையைத் தாண்டி ஒரு நாள் முடியட்டும். அடிமட்ட விலையில் வாங்கிய பெருமை கிடைக்காது. பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருக்கும்போது தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறையில் யாராவது படி எண்ணி இறங்குவார்களா? தண்ணீர் வடிந்து மண்டபம் வெளியே தெரிந்த பிறகுதானே இறங்குவோம்.

மூன்றாவது, இறங்க இறங்க வாங்குவதை நிறுத்துங்கள். ஆர்எஸ்ஐ 28ல் வாங்கினேன், 22ல் இன்னும் கொஞ்சம், 18ல் இன்னும் கொஞ்சம் என்று போனால், மூன்று தடவை ஒரே தப்பைச் செய்கிறோம், ஒவ்வொரு தடவையும் கூடுதல் காசில். ஒரு சிக்னலுக்கு ஒரு வாங்கல். ஸ்டாப்லாஸ், அதாவது இதற்குக் கீழே போனால் விற்றுவிடுவேன் என்ற விலை, அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும்.

அப்புறம் செய்தியைப் பாருங்கள். கணக்கில் ஓட்டை, ரிசர்வ் வங்கி நடவடிக்கை, கம்பெனியை நடத்தும் புரமோட்டர் அடகுவைத்த பங்கு விற்பனை என்று ஏதாவது இருந்தால் ஆர்எஸ்ஐ 5க்குக்கூட வரும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அண்ணாச்சியின் பங்கு? 200 நாள் கோட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தது. காலாண்டு முடிவு மோசம். விற்றுவிடுங்கள் என்று சொன்னேன். "வாங்குன விலைக்கு வரட்டும்" என்றார். அந்த நோய்க்கு என்னிடம் மருந்து இல்லை.

அறிகுறி: 70ல் விற்றேன், அதற்கப்புறம்தான் பறக்கிறது

முந்தையதற்கு நேர் எதிர். ஆனால் மனசுக்கு இதுதான் அதிகம் வலிக்கும்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. முந்தின நாள் மாநிலத் தேர்தல் முடிவுகள், சந்தை ஒரே தாவு தாவி நிஃப்டி 20,686ல் முடிந்தது. ஆர்எஸ்ஐ 70ஐத் தாண்டி நிற்கிறது. பாடப்படி விற்றவர்கள் நிறையப் பேர். டிசம்பர் 19 அன்று நிஃப்டி 21,453. மறுநாள் 20ஆம் தேதி ஒரே நாளில் 300 புள்ளி சரிந்தது, "பார்த்தியா, சொன்னேன்ல" என்றார்கள். சரிந்து எங்கே நின்றது? 21,150ல். நாலாம் தேதி விற்ற விலையைவிட 460 புள்ளி மேலே.

ஏறுமுகத்தில் இருக்கும் பங்குக்கு ஆர்எஸ்ஐ பொதுவாக 40க்கும் 80க்கும் நடுவில் உலாவும். இறங்குமுகத்தில் 20க்கும் 60க்கும் நடுவில். ஆக, ஏறுகிற பங்குக்கு 70 என்பது உடம்பு நல்ல சூட்டில் இருக்கிறது என்பதுதான், காய்ச்சல் இல்லை. ஏறுகிற பங்கு 30க்கு வரும் என்று காத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். 40, 45 பக்கம் வந்து திரும்புவதுதான் அங்கே வாங்கும் இடம். இறங்குகிற பங்கு 60ஐத் தொட்டுத் திரும்பினால் கையில் இருப்பதை விற்கும் இடம்.

விற்பதற்கு நான் வைத்திருக்கும் வழி இது. 70ஐத் தாண்டினால் எதுவும் செய்வதில்லை, ஸ்டாப்லாஸை மட்டும் கடைசி பத்து நாள் குறைந்த விலைக்கு ஏற்றிவைப்பேன். ஆர்எஸ்ஐ 70க்கு மேலிருந்து கீழே வந்து, விலையும் அந்த ஸ்டாப்பை உடைத்தால் வெளியே வந்துவிடுவேன். பாதியை 70லேயே விற்று மீதியை ஓடவிடும் நண்பர்களும் உண்டு. கணக்குப்படி அதில் பெரிய லாபமில்லை என்பது என் எண்ணம். ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது என்கிறார்கள், அதற்கும் ஒரு விலை உண்டுதானே.

அறிகுறி: டைவர்ஜென்ஸ் மூன்று தடவை வந்தும் ஒன்றும் நடக்கவில்லை

விலை புதிய உச்சம் போகிறது, ஆர்எஸ்ஐ பழைய உச்சத்தைத் தொடவில்லை. கோடு போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கும், யூடியூப்பில் இதற்கென்றே தனி வகுப்பு நடத்துகிறார்கள். வேகம் குறைந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. இரண்டு உச்சத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தின் விலையைக் குறித்துவையுங்கள். விலை அதற்குக் கீழே முடிந்தால்தான் டைவர்ஜென்ஸைக் கணக்கில் எடுப்பேன். அதுவரை, ஸ்டாப்லாஸைக் கொஞ்சம் நெருக்கிவைக்க ஒரு சாக்கு.

அறிகுறி: ஆர்எஸ்ஐ 97, 98 என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது

தினமும் அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் ஏற அனுமதித்த எல்லை; இறங்கும் எல்லை லோயர் சர்க்யூட்) அடிக்கும் பங்காக இருக்கும். இறக்கமே இல்லையென்றால் இறக்கச் சராசரி சுழியம், ஆர்எஸ்ஐ நூறு. கணக்கு சரி, சந்தைதான் இல்லை. டெலகிராமில் யாரோ அனுப்பிய பெயரா என்று யோசித்துப் பாருங்கள். ஏறும்போது வாங்கக் கிடைக்காது, லோயர் சர்க்யூட்டில் விற்கப் போனால் வாங்க ஆள் கிடைக்காது. தினமும் நூறு, இருநூறு பங்கு மட்டும் கைமாறும் பங்குகளுக்கும் இதே கதை. இவற்றுக்கு ஆர்எஸ்ஐ போடுவதே வீண்.

அறிகுறி: சிக்னல் சரி, திட்டமும் சரி, ஆர்டர்தான் நடக்கவில்லை

மேலே சொன்ன 2023 டிசம்பர் 20 அன்று நான் சந்தையைப் பார்க்கவே இல்லை. 17, 18ல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் இல்லை. சொந்தக்காரர் வீட்டு மாடியில் இருந்தோம். போனில் இருந்த கொஞ்சம் சார்ஜை ஆட்களைத் தேடத்தான் வைத்திருந்தேன், யாருக்கு ஷேர் ஞாபகம்? கரண்ட் வந்து பார்த்தபோது, ஒரு சின்னக் கம்பெனிப் பங்கு நான் நோட்டில் எழுதிவைத்திருந்த ஸ்டாப்பைத் தாண்டி 9 சதவீதம் கீழே இருந்தது. நோட்டில் எழுதினால் எக்ஸ்சேஞ்சுக்கு எப்படித் தெரியும்?

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் ஜிடிடி (குறித்த விலை வந்ததும் தானாகப் போகும் ஆர்டர்) போடுகிறேன். வாங்கிய அன்றே போட்டுவிட்டால் ப்ரோக்கரின் கணினியில் அது காத்திருக்கும், நம் போன் தண்ணீரில் மிதந்தாலும் சரி. இதிலும் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று, தூண்டும் விலையையும் லிமிட் விலையையும் (இதற்குக் கீழே விற்காதே என்ற விலை) ஒன்றாக வைத்துவிட்டால், காலையில் பங்கு கீழே திறக்கும்போது ஆர்டர் தூண்டப்படும், ஆனால் விற்காது. ஸ்டாப் 400 என்றால் லிமிட்டை 388 போல இறக்கி வையுங்கள். அதற்கும் கீழே திறந்தால் அன்று நேரில் பார்த்துத்தான் விற்க வேண்டும். இரண்டு, பங்குகள் இருக்கும் டிமேட் கணக்கிலிருந்து விற்கும் அதிகாரத்தை ப்ரோக்கருக்குக் கொடுக்காமல் விட்டிருந்தால் ஜிடிடி தூண்டப்பட்டும் ஆர்டர் நிராகரிக்கப்படும். கணக்கு அமைப்பில் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: பத்தில் ஆறு ஜெயிக்கிறேன், வருடக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை

20,000 ரூபாய்க்கு வாங்கி 20,400க்கு விற்றீர்கள் என்று வைப்போம். டெலிவரிக்குத் தரகே வாங்காத ப்ரோக்கர் என்றே வைத்துக்கொள்வோம். பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம், ஆக 40 ரூபாய். முத்திரை வரி 3 ரூபாய். விற்கும்போது டிமேட் கட்டணம் பதினைந்து, இருபது. மிச்ச லாபத்துக்குக் குறுகிய கால மூலதன ஆதாய வரி 20 சதவீதம், அதன்மேல் செஸ். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். இந்த வரியைக் கணக்கிடும்போது பரிவர்த்தனை வரியைச் செலவாகக் கழிக்கவும் முடியாது. நானூறில் கையில் நிற்பது 260 பக்கம். தோற்றால் முழுத் தோல்வி, ஜெயித்தால் முக்கால்கூட இல்லை.

இரண்டு சதவீத ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு ஆர்எஸ்ஐயைத் திருத்தி ஒன்றும் ஆகாது. தினசரியிலிருந்து வாரச் சார்ட்டுக்குப் போங்கள். வருடத்துக்கு நாற்பது தடவை வாங்கி விற்றது எட்டு, பத்தாகக் குறையும். அன்றைக்கே வாங்கி விற்கும் இன்ட்ராடேக்குப் போனால் செலவு குறையுமே என்பவர்களுக்கு ஒன்று: சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி பார்த்த கணக்கில் 2022-23ல் பங்கு இன்ட்ராடேயில் இறங்கியவர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம்.

அறிகுறி: 14ஐ 9 ஆக்கினேன், 70ஐ 80 ஆக்கினேன், அப்புறமும் சரிவரவில்லை

9 வைத்தால் கோடு துள்ளும், சிக்னல் நிறைய வரும், பொய்யும் நிறைய வரும். 21 வைத்தால் அடங்கும், தாமதமாகும். எதையும் வைக்கலாம். தோற்ற மறுநாள் மாற்றுவதுதான் பிழை. கடைசியாகத் தோற்ற ஒரு பங்குக்குப் பொருந்துகிற மாதிரி எண்ணைத் திருகினால், அந்த ஒரு பங்குக்கு மட்டும் பொருந்தும். அதுவோ ஏற்கெனவே நடந்து முடிந்தது. நான் 14ஐத் தொடுவதில்லை. அது சிறந்த எண் என்பதால் அல்ல, தொட்டால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது என்பதால்.

நேற்று அண்ணாச்சி மறுபடி வந்தார். பழைய பங்கை இன்னும் விற்கவில்லை. ஆனால் சிட்டைப் பேரேடு மாதிரி ஒரு நீள நோட்டு வாங்கி, தேதி, விலை, ஆர்எஸ்ஐ, 200 நாள் கோட்டுக்கு மேலா கீழா, ஸ்டாப் எங்கே என்று ஐந்து கட்டம் போட்டிருந்தார். முதல் வரியில் ஒரு பங்கு. ஆர்எஸ்ஐ 43, கோட்டுக்கு மேல். ஐந்தாவது கட்டம் மட்டும் காலி. அதைக் காட்டிக் கேட்டேன். "அதை உங்க கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதணும்னு விட்டிருக்கேன் தம்பி" என்றார். போனை வாங்கி, பத்து நாள் குறைந்த விலையை எப்படிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தேன்.